மூழ்காத வட்டில்

முன்னொரு காலத்தில், மூன்று பக்கம் ஆறும் ஒரு பக்கம் வயலுமாக ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் பெயரை நீங்களும் கேட்காதீர்கள்; எனக்குச் சொன்னவர்களும் சொல்லவில்லை. அங்கே சுந்தரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர். குடிகள் மேல் பிரியம் உள்ளவர். ஒரே ஒரு குறை, யாராவது எதையாவது பெருமையாகச் சொல்லிவிட்டால் அது அவர் மண்டைக்குள் வண்டு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு வண்டை வடக்கேயிருந்து வந்த தூதுவர் ஒருவர் விட்டுவிட்டுப் போனார். விருந்து முடிந்து கை கழுவும்போது, "எங்கள் மகாராஜா சூரியன் உச்சிக்கு வருமுன் நாற்பது காரியங்களை முடித்துவிடுவார்" என்றார். அவ்வளவுதான். ராஜா அன்றைக்குத் தாம் முடித்த காரியங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஏழு வந்தது. அந்த ஏழில் ஒன்று, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தது.

"நாளை முதல் நமக்கு நூறு!" என்றார் ராஜா.

"நூற்றைம்பதே முடியும், பிரபு" என்றார் பிரதானி காரியப்பர்.

காரியப்பர்தான் அரண்மனையின் தலைமை அதிகாரி. ராஜா தும்மினால் தாமும் தும்மி, "மகாராஜாவின் தும்மலுக்கு முன்னால் என் தும்மல் எம்மாத்திரம்" என்று சொல்லக்கூடியவர். அவர் மறுநாளே கன்னாரைக் கூப்பிட்டு ஒரு சின்னச் செப்பு வட்டில் செய்யச் சொன்னார். நாழிகை பார்ப்பதற்கு அடியில் துளை போட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்க விடுவார்களே, அதே மாதிரி. நாழிகை வட்டிலில் ஊசி நுழையும் துளைதான் இருக்கும். மெதுவாகத் தண்ணீர் ஏறி, ஒரு நாழிகை கழித்துத்தான் மூழ்கும். காரியப்பரின் வட்டிலிலோ துளை பெரிது. தண்ணீரில் விட்டுப் பத்து எண்ணுவதற்குள் 'களுக்' என்று உள்ளே போய்விடும்.

அதற்கு ஒரு சட்டமும் எழுதி, ராஜாவிடம் முத்திரை வாங்கினார். சபையில் எந்தக் கேள்வி எழுந்தாலும் வட்டில் மூழ்குமுன் பதில் வந்தாக வேண்டும். பதில் சொல்ல வேண்டியவரே தம் கையால் வட்டிலைத் தண்ணீரில் விட வேண்டும், பிறகு முன்னே விட்டார்கள் பின்னே விட்டார்கள் என்று குறை சொல்லக் கூடாது பாருங்கள். வட்டில் மிதக்கும்வரை ராஜா உட்பட ஒருவரும் இடத்தைவிட்டு எழக் கூடாது, கோட்டைக் கதவு திறக்கக் கூடாது, பதிலைத் தவிர வேறு ஒரு சொல் சபையில் எழக் கூடாது. ஒரு முறை முத்திரை விழுந்த காரியத்தை மறுபடி எடுக்கவே கூடாது.

பத்து எண்ணும் நேரம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒருவரைத் தவிர. அவர் வெண்காடன், அந்த அரண்மனையின் விகடகவி.

வெண்காடனுக்கு ஒரு பழக்கம். யார் எதைக் கேட்டாலும் முதலில் மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுப்பார். வெற்றிலையை வேட்டியில் துடைத்து, காம்பு கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, ஒரு கிராம்பைக் குத்தி, வாயில் போட்டு, இரண்டு மெல்லு மென்ற பிறகுதான் பதில் வரும். அவர் பதிலில் ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பு முழுக்க அந்த இரண்டு மெல்லுக்குள்தான் தயாராகிறது என்பது அவர் மனைவி செங்கமலத்துக்கு மட்டும் தெரியும்.

வட்டில் வந்த முதல் நாளே ராஜா அவரிடம் ஏதோ கேட்டார். வெண்காடன் வட்டிலைத் தண்ணீரில் விட்டுவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன், அரசே" என்றார்.

வட்டில் மூழ்கியதும், "இது பதிலா?" என்று காரியப்பர் குதித்தார்.

"அரசர் கேட்டார், நான் சொன்னேன். வட்டில் மூழ்குமுன்னேயே சொன்னேன். பதில் இல்லையென்றால் இதற்கு வேறு என்ன பெயர்?"

ராஜா சிரித்துவிட்டார். ஆனால் மறுநாள் காலைக்குள் சட்டத்தில் ஒரு வரி சேர்ந்துவிட்டது: 'யோசித்துச் சொல்கிறேன்' என்பது பதில் ஆகாது.

பிறகு ராஜ்ஜியம் ஓடத் தொடங்கியது. நூறு காரியம், நூற்றிருபது காரியம். மேட்டூராருக்கு மதகைத் திறக்கச் சொல்லி ஓர் உத்தரவு; அந்த மை காயுமுன் பள்ளத்தூராருக்கு அதே மதகை அடைக்கச் சொல்லி ஓர் உத்தரவு. மதகுக்காரர் பாவம், கதவைப் பாதி திறந்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு நாள், புதிதாக வந்த பட்டத்து யானைக்குப் பெயர் வைக்கச் சொல்லிப் பாகனும், பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கச் சொல்லி நெசவாளர் ஒருவரும் அடுத்தடுத்து நின்றார்கள். வட்டில் களுக், களுக் என்றது. யானைக்குக் 'கொடிமுல்லை' என்றும், குழந்தைக்கு 'ரணகேசரி' என்றும் முத்திரை விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். நெசவாளர் தெருவில் அன்று முதல், "ரணகேசரிக்குப் பால் கொடுத்தாச்சா?" "இப்பத்தான் தூளியில போட்டேன், ரணகேசரி தூங்குது" என்றே பேச்சு நடந்தது.

இதையெல்லாம் கேட்டு வெண்காடன் வீட்டுக்கு வந்து சிரிப்பார். ஆனால் ஒரு நாள் விடியற்காலை செங்கமலம் சிரிக்கவில்லை. வெற்றிலைப் பையில் பாக்கும் கிராம்பும் போட்டுக் கட்டிக்கொண்டே, "என்னங்க, இன்னிக்கு மகாராணி சபைக்கு வராங்க" என்றாள்.

செங்கமலம் அரசி கோதைமாதேவிக்குத் தோழி. அரசியின் கூந்தலுக்கு எந்தப் பூ என்பதிலிருந்து அரசியின் மனசுக்கு என்ன கவலை என்பதுவரை எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"சபைக்கா? ராணி எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? அந்தப்புரத்தில் பேசினால் ஆகாதா?"

"அங்க எப்ப வராரு அவரு? நாப்பது நாளாச்சு ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டு. நடந்துக்கிட்டே சாப்பிடறாராம், நடந்துக்கிட்டே தூங்கறாராம். அதான் அம்மா முடிவு பண்ணிட்டாங்க. சபையில வந்து, தாய்வீட்டுக்குப் போக அனுமதி வேணும்னு கேக்கப் போறாங்க."

"கோபமா?"

"கோபம் இருந்தா நல்லதுங்க. 'திடீர்னு ஏன் போகணும்ங்கிறேன்னு அவர் ஒரு வார்த்தை கேட்பார்டி, செங்கமலம். அந்த ஒரு வார்த்தை கேட்டாப் போதும், நான் போக மாட்டேன்'னு சொன்னாங்க. சொல்லும்போது உதடு துடிச்சுது." பையின் கயிற்றை இறுக்கி முடிந்தாள். "அவர் கேக்கலேன்னா அம்மா போயிடுவாங்க. அப்படிப் போனா திரும்பி வர மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது. அம்மா போனா நானும் கூடப் போகணும். ஆறு நாள் வழி."

வெண்காடன் வெற்றிலைக்காகக் கை நீட்டியவர், அப்படியே நின்றார். பதினோரு வருஷமாக அந்தப் பையைக் கட்டிக் கொடுத்த கை அது. எத்தனை கிராம்பு, எவ்வளவு சுண்ணாம்பு என்று அவர் சொன்னதே இல்லை.

"அவர் கேட்பார்" என்றார்.

"வட்டில் கேக்க விடணுமே" என்றாள் செங்கமலம்.

அன்று நாற்பத்து மூன்றாவது காரியமாக அரசி வந்து நின்றாள். சபையே எழுந்து நின்றது. ராஜாவும் ஒரு கணம் நிமிர்ந்தார்.

"அரசே, ஒரு விண்ணப்பம்" என்றாள் கோதைமாதேவி. "நான் என் தாய்வீடு சென்று தங்கிவர அனுமதி வேண்டும்."

பதில் சொல்ல வேண்டியவர் ராஜா. தம் கையாலேயே வட்டிலைத் தண்ணீரில் விட்டார். வெண்காடன் ராஜாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கேளுங்கள், கேளுங்கள் என்று அவர் மனசு அடித்துக்கொண்டது. ராஜாவின் கண் வட்டிலின் மேல் இருந்தது. பாதிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது.

காரியப்பர் வட்டிலை விரலால் காட்டி அவசரப்படுத்தினார்.

"அனுமதி!" என்றார் ராஜா.

களுக். எழுத்தர் ஓலையில் எழுதினார், முத்திரை விழுந்தது. அரசி ஓலையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். தூணோரம் நின்ற செங்கமலம் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னால் போனாள். சிறிது நேரத்தில் முன்வாசலில் பல்லக்கு இறக்கும் சத்தம் கேட்டது.

நாற்பத்து நான்காவது காரியம் முடிந்தது. நாற்பத்து ஐந்தாவதில் ராஜாவுக்கு நாக்கு தடுமாறியது.

"பிரதானி, அரசி திடீரென்று ஏன் தாய்வீடு போகிறாள்?"

காரியப்பரின் கண் பளிச்சென்றது. தம்மைக் கேலி செய்யும் விகடகவியைக் கவிழ்க்க எத்தனை வருஷமாக அவர் காத்திருந்த தருணம்! ராணி இருக்கும்வரை வெண்காடனைத் தொட முடியாது. ராணியோ இதோ கிளம்பியாயிற்று.

"மகாராஜா, அது வெண்காடருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவர் மனைவி அரசியாரின் நிழல் அல்லவா? சபை நடுவே கேட்டுவிடலாமே. சொல்லாவிட்டாலோ, பொய் சொன்னாலோ நாட்டைவிட்டுப் போகட்டும். அரசரை அவமதித்துச் சொன்னால் அதற்கும் தண்டனை அதுவே."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அதைச் சொல்வதற்கும் அவர் யோசிக்கவில்லை. எழுத்தர் எழுதினார்: 'அரசி ஏன் போகிறாள் என்ற கேள்விக்கு வட்டில் மூழ்குமுன் உண்மையான பதில் வர வேண்டும், வராவிடில் வெண்காடன் நாடு நீங்க வேண்டும்.' முத்திரையும் விழுந்தது.

வெண்காடனுக்குப் பொறி புரிந்தது. 'உங்களால்தான்' என்று சொன்னால், நாலு பேர் முன்னால் ராஜாவைக் குத்திக் காட்டிய குற்றம். 'உடம்பு சரியில்லை, ஊர் நினைப்பு' என்று சொன்னால் பொய். பத்து எண்ணுவதற்குள் மூன்றாவதாக ஒரு பதில் பிறக்குமா? பிறக்காது. அது அவருக்கே நன்றாகத் தெரியும். அவருடைய பதில்கள் வெற்றிலையில் பிறப்பவை.

வட்டிலை அவர் கையில் கொடுத்தார்கள். அது உள்ளங்கை அளவுகூட இல்லை. அடியில் துளை. வெண்காடன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நட்சத்திரம் தேடுகிறீரா?" என்றார் காரியப்பர். சபையில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வெண்காடன் மடியிலிருந்து பையை எடுத்து அவிழ்த்தார். செங்கமலம் போட்டு வைத்த கிராம்புகளில் நல்ல கொழுத்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வட்டிலின் உள்பக்கமாகத் துளையில் செருகி, கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். அச்சில் வார்த்த மாதிரி பொருந்திக்கொண்டது. பிறகு மிகவும் மரியாதையோடு வட்டிலைத் தண்ணீரில் விட்டார்.

அது குளத்து வாத்து மாதிரி மிதந்தது.

"பிரபு! இது மோச..." என்று காரியப்பர் வாயைத் திறந்தார். வெண்காடன் விரலை உதட்டில் வைத்து, வட்டிலைக் காட்டினார். வட்டில் மிதக்கும்வரை பதிலைத் தவிர வேறு சொல் எழக் கூடாது. சட்டம் எழுதியவரே காரியப்பர்தான். திறந்த வாயை அவர் மெதுவாக மூடிக்கொண்டார்.

ராஜா எழப் போனார். எழவும் கூடாதே! உட்கார்ந்துவிட்டார்.

வெண்காடன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு வெற்றிலையை எடுத்து நிதானமாகத் துடைக்கத் தொடங்கினார். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை. காம்பைக் கிள்ளினார். அந்த 'டிக்' சத்தம் சபையின் கடைசி வரிசைவரை கேட்டது.

நாற்பது நாளில் முதல் தடவையாக அந்தச் சபை சும்மா இருந்தது. மாடத்தில் புறாக்கள் இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. நாற்பத்தாறாவது காரியத்துக்காக நின்ற ஒரு கிழவர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முன்வாசலில் பல்லக்குத் தூக்கிகள் மூட்டைகளைக் கட்டும் கயிற்றின் சத்தம், "இதையும் வைங்கப்பா" என்று ஒரு பெண்குரல், கொலுசு ஒன்று போவதும் வருவதும்.

ராஜா முதலில் விரலால் சிம்மாசனத்தைத் தட்டினார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு வட்டிலைப் பார்த்தார். அது மூழ்குவதாக இல்லை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல், அரசி நின்ற இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெண்காடன் ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தடவினார். தாம் தோற்றுப்போகலாம் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவு நேரம் கிடைத்தும் ராஜா எதையும் நினைக்காமலே இருந்துவிட்டால்? ஒரு மனுஷனை உட்கார வைக்கத்தான் முடியும். அதற்கு மேல் அவர் பாடு. சுண்ணாம்பு கூடிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி தடவினார்.

அந்தக் கொலுசுச் சத்தம் நின்றது. பல்லக்கில் ஏறிவிட்டார்கள் போலிருக்கிறது.

"என்ன நிறம்?" என்றார் ராஜா, தமக்குள் பேசுவது போல.

வெண்காடன் பாக்கை வைத்து மடித்தார்.

"இந்த இடத்தில்தான் நின்றாள். கையெட்டும் தூரம். என்ன நிறத்துப் புடவை உடுத்தியிருந்தாள்? எனக்குத் தெரியவில்லை. முகம் வாடியிருந்ததா? அதுவும் தெரியவில்லை. நான் வட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்க வந்தது தாய்வீடு இல்லை. 'ஏன்?' என்று நான் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வந்திருக்கிறாள். அதைக் கேட்க எனக்கு நேரம் இல்லை. அதனால் போகிறாள்."

வெண்காடன் மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கை நீட்டி வட்டிலிலிருந்து கிராம்பைப் பிடுங்கினார்.

களுக்.

"பதில் வந்துவிட்டது, அரசே. வட்டில் மூழ்குமுன்னேயே வந்துவிட்டது."

காரியப்பர் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகப் பொங்கியது. "அநியாயம்! பதில் சொன்னது மகாராஜா, இவர் இல்லை! துளையை வேறு அடைத்துவிட்டார்!"

"எழுத்தரே, ஓலையைப் படியும்" என்றார் வெண்காடன்.

எழுத்தர் படித்தார்: "...வட்டில் மூழ்குமுன் உண்மையான பதில் வர வேண்டும்..."

"பதில் வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. யார் வாயிலிருந்து என்று பிரதானி அவசரத்தில் எழுதச் சொல்லவில்லை. உண்மையான பதிலா என்பதற்கு அதைச் சொன்னவரே சாட்சி. வட்டிலில் துளை இருக்க வேண்டும். இருக்கிறது, நீங்களே பாருங்கள். துளைக்குள் கிராம்பு இருக்கக் கூடாது என்று ஒரு வரி போட்டிருக்கலாம். பாவம், அதை யோசிக்கப் பிரதானிக்கு ஏது நேரம்?"

முதலில் அந்தத் தூணோரக் கிழவர்தான் சிரித்தார். பிறகு சபை. கடைசியில் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"வெண்காடா, முத்திரை விழுந்துவிட்டதே! விழுந்ததை மறுபடி எடுக்கக் கூடாதே! அவள் போய்விடுவாளே!"

"எடுக்க வேண்டாம், அரசே. அந்த உத்தரவு அப்படியே இருக்கட்டும். அரசியார் தாய்வீடு சென்று தங்கிவர அனுமதி என்றுதான் அதில் இருக்கிறது. தனியாக என்று எழுதியிருக்கிறதா?"

ராஜா கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தின் மேல் வைத்துவிட்டு, படியிறங்கி முன்வாசலுக்கு நடந்தார்.

பல்லக்கைத் தோளில் ஏற்றியாயிற்று. "இறக்குங்கள்" என்றார் ராஜா. திரையை விலக்கினார். அரசி உடுத்தியிருந்தது மாந்தளிர் நிறம்.

"கோதை, திடீரென்று ஏன் தாய்வீட்டுக்கு?"

அரசி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "வட்டிலைக் கொண்டுவரவில்லையா?"

"இல்லை."

"பதில் கொஞ்சம் நீளம். சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் உண்டு?"

"ஆறு நாள்" என்றார் ராஜா. "வழி அவ்வளவு. நகர்ந்து உட்கார், நானும் வருகிறேன்."

பின்னால் வந்த மாட்டு வண்டியில் செங்கமலம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். ராஜா திரும்பி, "வெண்காடா, நீயும் ஏறிக்கொள். வழியில் எனக்குப் பேச்சுத்துணை தேவையில்லை. உன் மனைவிக்கு இரு" என்றார். தம் சொந்த வெள்ளி வெற்றிலைப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "வட்டில் சட்டம் இன்றோடு சரி. இனி இந்தச் சபையில் ஒரு கேள்விக்குப் பதில், ஒரு வெற்றிலை மென்று முடித்த பிறகுதான். வெற்றிலை போடாதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்."

வெண்காடன் வண்டியில் ஏறினார். செங்கமலம் வெள்ளிப் பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"என் துணிப்பை இனிமே வேண்டாமா?"

"பெட்டியில் நகையைப் போட்டுக்கொள். கிராம்பு உன் பையில்தான் இருக்க வேண்டும்" என்றார் வெண்காடன். வண்டி நகர்ந்தது.

காரியப்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ராஜா திரும்பி வரும்வரை சபையை அவர்தான் நடத்தினார், வெற்றிலை மென்று மென்று. முதல் வாரம் பல் கூசியது. இரண்டாவது வாரம் மதகுத் தகராறை இரண்டு ஊராரும் ஒப்பும்படி தீர்த்து வைத்தார். தீர்த்தது தாம்தானா என்று அவருக்கே ஆச்சரியம். மூன்றாவது வாரம், ராஜா வழியிலிருந்து அனுப்பிய உத்தரவின்படி, நெசவாளர் வீட்டுக்கும் யானைக் கொட்டிலுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுப் பெயர்களை மாற்றிவிட்டு வந்தார். குழந்தைக்குக் கொடிமுல்லை என்ற பெயர் அழகாகப் பொருந்திக்கொண்டது.

யானைதான் ஒப்புக்கொள்ளவில்லை. "ரணகேசரி!" என்று பாகன் தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பியே பார்க்காது. "கொடிமுல்லை, வாம்மா" என்றால் மட்டும் காதை ஆட்டிக்கொண்டு வரும். காரியப்பர் ஓடிவந்து என்ன செய்வது என்று கேட்டபோது, ஊர் திரும்பியிருந்த ராஜா ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து, நிதானமாக மென்று முடித்துவிட்டு, "அதற்குப் பிடித்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்" என்றார்.

அதற்கப்புறம் பல காலம் அந்த நாட்டில், திருவிழாவுக்குத் திருவிழா, நெற்றிப் பட்டமும் தந்தப் பூணுமாகக் கொடிமுல்லை முன்னே நடக்க, தெருவோரத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து இன்னொரு கொடிமுல்லை கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.